மயில்மாணிக்கம் எத்தனை அடி ஏறும்?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் மயில்மாணிக்கக் கொடியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் கறிவேப்பிலைக் கடிதங்களையே முந்திவிட்டன. எனவே இந்த இதழ் முழுக்க அந்த ஊசியிலைச் சிவப்புப் பூவுக்குத்தான். வாழைக்கன்று கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*கடையில் வாங்கிய விதைப் பொட்டலத்தில் ‘இருபது அடி வளரும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். என் கொடி இரண்டடியிலேயே நின்று பூக்கத் தொடங்கிவிட்டது. எதிர்வீட்டுக் கொடியோ மாடிக் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. நான் வாங்கிய விதை போலியா?*
— ஒரு வாசகி, ஓசூர்

விதை போலி இல்லை அம்மா. இருபது அடி என்பது வரன் தேடும் விளம்பரத்தில் வரும் சம்பளம் மாதிரி. அந்த அளவுக்கு வாங்குகிறவர்களும் உண்டு. சாதாரணமாக இந்தக் கொடி ஆறிலிருந்து பத்தடிக்குள் நிற்கும். நல்ல மண், முழு வெயில், ஏறிப்போக இடம் எல்லாம் வாய்த்தால்தான் பதினைந்து, இருபது என்று போகும்.

நீங்கள் எதில் விதைத்தீர்கள் என்று எழுதவில்லை. சின்னத் தொட்டி என்று நானே ஊகித்துக்கொள்கிறேன். முப்பத்தோரு ஆண்டு பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பழக்கம் விடவில்லை; இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இதைச் செய்து பார்த்தேன். மயில்மாணிக்கத்தின் ஒரு காய்க்குள் நான்கு விதை இருக்கும். ஒரே காயின் நான்கு விதைகளையும் ஆடிப்பெருக்கன்று ஊன்றினேன். ஒன்று தயிர் டப்பாவில். இன்னொன்று பன்னிரண்டு அங்குல மண்தொட்டியில். மூன்றாவது கிணற்றடியில், நேரே தரையில். நான்காவதன் கதையைப் பிறகு சொல்கிறேன். அறுபதாம் நாள் டேப் வைத்து அளந்தேன். தயிர் டப்பாக் கொடி ஒன்றே முக்கால் அடி. அதிலும் இரண்டு பூ. தொட்டிக் கொடி ஆறரை அடி. கிணற்றடிக் கொடி ஒன்பது அடியைத் தாண்டி, இன்னும் போய்க்கொண்டிருந்தது. தாய் ஒன்று, காய் ஒன்று, ஊன்றிய நாளும் ஒன்று.

காரணம் எளிது. இது ஓராண்டுத் தாவரம். மல்லிகையைப் போல அடுத்த ஆண்டுக்கு என்று எதையும் சேர்த்துவைக்காது. ஆறு மாதத்துக்குள் முளைத்து, ஏறி, பூத்து, விதை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோக வேண்டும். வேர் தொட்டியின் சுவரில் முட்டி, தண்ணீரும் சத்தும் தட்டுப்பட ஆரம்பித்தால், உயரத்தை விட்டுவிட்டு உள்ளதைக் கொண்டு பூத்து விதை வைக்கப் பார்க்கும். உங்கள் இரண்டடிக் கொடி நோயாளி அல்ல, அவசரக்காரி.

விதைத்த மாதமும் கணக்கில் வரும். நம் அவரையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டத்து அவரையை ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும், பகல் சுருங்கிப் பனி இறங்கும்போதுதான் பூக்கும். முன்னால் போட்டவனுக்குப் பந்தல் நிறையக் கொடி. பின்னால் போட்டவனுக்குக் கொஞ்சம். மயில்மாணிக்கத்துக்கும் ஏறக்குறைய அதே குணம். ஆடியில் ஊன்றினால் இலையும் தண்டும் சேர்க்க இரண்டு மாதம் கிடைக்கும். ஐப்பசியில் ஊன்றினால் முழங்கால் உயரத்திலேயே மொட்டு வந்துவிடும். எதிர்வீட்டில் எப்போது விதைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

*நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டேன். பத்து நாளாக அப்படியே நிற்கிறது. உரம் வைக்கலாமா?*
— ஒரு வாசகர், ஆரணி

வேண்டாம். என் நான்காவது விதைக்கும் இதேதான் நடந்தது. சின்னக் கோப்பையில் முளைக்கவிட்டு, பதினைந்தாம் நாள் பிடுங்கிப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். பன்னிரண்டு நாள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பிறகு எழுந்தது, ஆனால் பக்கத்துத் தொட்டிக் கொடியைக் கடைசிவரை எட்டிப்பிடிக்கவில்லை. இந்தக் குடும்பத்துக் கொடிகளுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதையை ஊன்றுவது உத்தமம். இப்போதைக்கு மண்ணில் ஈரம் இருந்தால் போதும், தானே தெளியும்.

*மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை மறைக்க வேண்டும் என்று இந்தக் கொடியை அதன் அடியில் வைத்தேன். நானே சுற்றிவிட்டாலும் மறுநாள் அவிழ்ந்து கீழே கிடக்கிறது. ஏன் ஏற மறுக்கிறது?*
— ஒரு வாசகர், விருத்தாசலம்

இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று குழாயின் தவறு, மற்றது உங்களுடையது.

பாகலும் புடலையும் பற்றுக்கம்பி நீட்டிப் பிடித்துக்கொள்ளும். மயில்மாணிக்கத்துக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே கயிறாகச் சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். நூல் கனமே உள்ள அந்தத் தண்டு நான்கு அங்குலக் குழாயைச் சுற்றி வளைக்க முடியுமா? வழவழப்பு வேறு. விரல் கனத்துக்கு மேற்பட்ட எதையும் அதற்குக் கொடுக்காதீர்கள். குழாயை ஒட்டி மேலிருந்து கீழாக இரண்டு சணல் கயிறு கட்டிவிடுங்கள். கயிற்றில் ஏறிக் குழாயை மறைத்துவிடும். சொரசொரப்பான சணல் நல்லது. நைலான் கயிற்றில் மழை நாளில் கொடி சரிந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் தவறு. கோயிலை வலம் வருகிற திசையில் சுற்றிவிட்டிருப்பீர்கள். நம் கை பழக்கத்தில் அப்படித்தான் போகும். இந்தக் கொடி அதற்கு எதிர்த்திசைக்காரன். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். எதிரில் நின்று பார்த்தால் தண்டு கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுவது தெரியும். நீங்கள் மாற்றிச் சுற்றிவிட்டால் ஒரே இரவில் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடும். யார் சொன்னாலும் கேட்காது.

ஒரு நாள் ஓய்வாக இருந்தால் நுனியைக் கவனியுங்கள். பிடி கிடைக்காத இளந்தண்டு காற்றில் சும்மா நிற்காது, வட்டமாகத் துழாவிக்கொண்டிருக்கும். காலைக் காபிக்கு உட்காரும்போது கிழக்கே நீட்டியிருந்த நுனி, சமையல் முடிந்து வந்து பார்த்தால் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி கிழக்கே வந்திருக்கும். கண்ணுக்கு அசைவு தெரியாது. சுவரில் சாக்குக்கட்டியால் நிழலைக் குறித்துக்கொண்டே வந்தால் தெரியும். சார்லஸ் டார்வின் உடம்பு சரியில்லாமல் அறைக்குள் கிடந்தபோது, பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் கொடி ஒன்றைத் தொட்டியில் வைத்துக்கொண்டு இதைத்தான் இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் நாளில் அதன் நுனி ஒரு சுற்று முடிக்கச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் ஆகிறது என்று கணக்கெடுத்து, ஏறுகொடிகளைப் பற்றிய தன் நீண்ட கட்டுரையில் 1865இல் வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஹாப்ஸ் நம் கோயில் பிரதட்சிணத் திசையில்தான் சுற்றும்.

*வாரம் ஒரு முறை பஞ்சகவ்யம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை சாணக் கரைசல், நடுவில் ஒரு பிடி யூரியா. குறை வைக்கவில்லை. கொடி பந்தலை மூடிவிட்டது. பூ மட்டும் எண்ணிப் பத்துகூட இல்லை.*
— ஒரு வாசகி, பல்லடம்

குறை வைக்காததுதான் குறை. தழைச்சத்து அதிகமானால் இந்தக் கொடிக்கு இலை போடுவதில்தான் புத்தி போகும். விதைக்கும்போது மண்ணில் ஒரு கை மட்கிய தொழு உரம் கலந்தால் அதுவே ஆறு மாதத்துக்குப் போதும். இப்போது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீரையும் மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். பந்தலுக்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள். நிழலில் இலை மட்டும்தான் மிஞ்சும். பேரன் சாப்பிடவில்லை என்று எழுதும் பாட்டிகள் பல பேர். சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்ட பாட்டி யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும். கொடி விஷயத்திலாவது கேளுங்கள்.

*காலையில் மலர்ந்த பூ மதியத்துக்குள் சுருண்டுவிடுகிறது. என்ன நோய்?*
— ஒரு வாசகர், சிவகாசி

நோய் இல்லை. பூவின் ஆயுள் ஒரு காலைதான். மேகமூட்டம் போட்ட மழை நாளில் கொஞ்சம் கூடுதலாக விழித்திருக்கும்.

*டீச்சர், என் மயில்மாணிக்கக் கொடியில் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். கொடி வளர வளர நூலும் மேலே போய்விடுமா? பொங்கலுக்குள் எங்கள் ஜன்னலுக்கு வந்துவிடுமா?*
— ஏழாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான், கண்ணு. பொங்கலுக்கு மட்டுமல்ல, கொடி காய்ந்து விழும் நாள்வரை உன் நூல் அதே ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். கொடி கீழிருந்து தள்ளிக்கொண்டு மேலே போவதில்லை. நுனியில்தான் புதிய தண்டு உண்டாகிறது. நுனியை ஒட்டிய கொஞ்ச நீளம்தான் நீள்கிறது. அதற்குக் கீழே உள்ளது பருமனாகலாம், உயராது. பள்ளிக்கூடச் சுவரில் ஆணியால் பேர் வெட்டிவிட்டு, சுவர்மேல் இரண்டாவது மாடி கட்டினால் பேர் மேலே போய்விடுமா?

கொடியின் வேகம் தெரிய வேண்டுமானால் தண்டில் எதையும் கட்டாதே. அது ஏறுகிற சணல் கயிற்றில், இன்று நுனி இருக்கும் இடத்தில் பேனா மையால் ஒரு கோடு போடு. நாளைக்கு இதே நேரம் இன்னொரு கோடு. நான் இரண்டு மாதம் போட்டேன். முளைத்த முதல் மூன்று வாரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. மூன்று வாரத்தில் மொத்தம் அரையடிதான். அப்போதெல்லாம் கொடி கீழே வேர் விட்டுக்கொண்டிருக்கும். புரட்டாசி மழை ஒன்று பெய்ததும் ஒரு நாளைக்கு மூன்று விரற்கடை. வெயில் கொளுத்திய நாளில் ஒரு விரல். பிறகு மொட்டு வந்ததும் மறுபடி கோடுகள் நெருங்கின. அந்தச் சணலை இன்னும் பழைய நோட்டுப்புத்தகத்தில் சுருட்டி வைத்திருக்கிறேன். உன் கயிற்றையும் எடுத்து வை. உங்கள் டீச்சரிடம் காட்டு.

*இரண்டு முறை விதைத்தேன். இரண்டு முறையும் முளைக்கவில்லை. ஏதோ புல் மாதிரி முளைத்தது, பிடுங்கிப் போட்டேன்.*
— ஒரு வாசகி, குடியாத்தம்

பிடுங்கிப் போட்டது மயில்மாணிக்கம்தான், அம்மா. இதன் முதல் இரண்டு இலைகளும் வழக்கமான விதையிலை மாதிரி இருக்காது. ஒவ்வொன்றும் உண்டிவில் கவட்டை போல இரண்டாகப் பிளந்து, மெலிந்து நிற்கும். களை என்று கை தானாகப் போகும். அதற்கு அடுத்து வருகிற இலைதான் நாம் அறிந்த இலை. நடு நரம்புக்கு இருபுறமும் ஒன்பதிலிருந்து பத்தொன்பது இழைகள். சீப்பு என்றும் சொல்லலாம், மயில் இறகு என்றும் சொல்லலாம்.

உண்மையிலேயே முளைக்காத விதைக்கு வைத்தியம் உண்டு. கருத்த அந்த விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் இரண்டு தேய் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் உப்பியதை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்துக்குள் கவட்டை தெரியும். பிடுங்காதீர்கள். விதையைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இது முடக்கத்தான் இல்லை, ரசம் வைக்க.

*டோக்கியோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் பேத்தி பள்ளியில் கொடுத்த தொட்டியில் நீலப் பூக்கொடி வளர்த்து, தினம் அதைப் படம் வரைந்து எழுதுகிறாள். பார்த்தால் நம் மயில்மாணிக்கத்தின் உறவு போல் இருக்கிறது. சரியா?*
— ஒரு வாசகர், கும்பகோணம்

சரி. நெருங்கிய உறவு. அதை அங்கே அசகாவோ என்பார்கள். ‘காலை முகம்’ என்று பொருள். அந்த நாட்டில் முதல் வகுப்புக் குழந்தைகள் கோடையில் அதை வளர்த்துக் குறிப்பெழுதுவது வழக்கம். நம் பாடத்திட்டத்திலும் வைத்தால் என்ன என்று முப்பத்தோரு ஆண்டும் ஆதங்கப்பட்டிருக்கிறேன். அடுத்த முறை ஜூலையில் போனால், டோக்கியோவின் இரியா பகுதியில் 6ஆம் தேதியிலிருந்து 8ஆம் தேதிவரை இந்தக் கொடிக்கென்றே நடக்கும் சந்தைக்குப் போய் வாருங்கள். தொட்டியிலேயே வளைய வளையக் கம்பி கட்டி ஏற்றி, கையில் தூக்கிக்கொண்டு போகும்படி விற்பார்கள்.

மேலே ஓசூர் வாசகிக்குப் பகல் சுருங்குவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்த விஷயத்தில் அறிவியலுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்ததே இந்த அசகாவோதான். அதில் ஒரு வகையின் இளநாற்றை ஒரே ஓர் இரவு, பதினாறு மணி நேரம் தொடர்ந்து இருட்டில் வைத்தால் போதும். அந்தச் சின்ன வயதிலேயே மொட்டு வைத்துவிடும். கொடியின் உயரத்தை இருட்டு தீர்மானிக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

*இந்த ஆண்டு காய்ந்த கொடி அடுத்த ஆண்டு துளிர்க்குமா? வெட்டிவிட்டு விட்டால் போதுமா?*
— ஒரு வாசகி, நன்னிலம்

துளிர்க்காது. தை, மாசியில் மஞ்சளாகிக் காய்ந்தால் அதோடு சரி. ஆனால் உதிர்ந்த விதை அதே இடத்தில், நீங்கள் கேட்காமலே, மழைக்கு முளைக்கும். பத்து முளைத்தால் இரண்டை வைத்துக்கொண்டு மீதியைப் பிடுங்குங்கள்.

டெல்டாக்காரர் என்பதால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த கொடியை வாய்க்காலில் கொட்டாதீர்கள். இதுவும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த விருந்தாளிதான். அங்கே இதன் நீளக் குழல் பூவில் தேன் குடிப்பது ஓசனிச்சிட்டு. இங்கே ஆள் வராவிட்டாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்று விதை வைத்துக்கொள்ளும். நம் வாய்க்கால்களை அடைத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு இருக்கிறதே, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து நம்மிடையே தங்கிவிட்ட, மயில்மாணிக்கத்தின் அதே இப்போமியா பேரினம். சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் கடற்கரை அடப்பங்கொடியும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. இருந்தாலும் விதையைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. காய் பழுப்பாகும்போதே பறித்துக் காகிதக் கவரில் போட்டுவிடுங்கள்.

*கொல்லையில் பந்தல் கட்ட வசதி இல்லை. துணி உலர்த்தும் கொடியிலேயே ஏற்றிவிடலாமா?*
— ஒரு வாசகி, சீர்காழி

கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

கிணற்றடிக் கொடியைச் சொன்னேனே, அதற்குச் சணல் கயிறு கட்டியபோது மேல்முனையைத் துணிக் கொடியில் முடிந்துவிட்டேன். தரையிலிருந்து ஆறரை அடி. அதற்குமேல் அது என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. பூங்கொடி துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்க்கப் புறப்பட்டது. ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. வெளியே போட்டிருந்த வேட்டியை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் எடுக்கப் போனால், வேட்டியின் முந்தியைக் கிளிப்போடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த இடத்தில் ஒரு பூவும் வைத்திருந்தது. அவர் இழுத்தார். நான் “இருங்கள், இருங்கள்” என்று கத்திக்கொண்டே கத்தரியோடு ஓடினேன். எதை வெட்டுவதற்கு என்று அவர் கேட்டார்.

அன்றிலிருந்து மார்கழி முடியும்வரை எங்கள் வீட்டுத் துணி மாடியில்தான் காய்ந்தது. மாசியில் கொடி காய்ந்ததும் அளந்தேன். ஏறியது ஆறரை அடி, கம்பியோடு ஓடியது எட்டு; மொத்தம் பதினாலரை. சுற்றைப் பிரித்துத் தரையில் நேராக நீட்டினால் பதினேழு அடிக்குக் கொஞ்சம் குறைவு. பொட்டலத்தில் போட்டிருக்கும் இருபதை எட்ட மூன்றடிதான் பாக்கி என்று அவரிடம் சொன்னேன். அவர் வேட்டியைக் காட்டினார். அந்தப் பச்சைக் கறை போகவே இல்லை; கடைத்தெருவுக்குப் போகும்போது வேண்டுமென்றே அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறார்.